கருங்கோன் அழுத இடம்

ஹேமலதா என்ற பெயரை லினெட் முதன்முதலில் கேட்டது வேன் ஓட்டுகிற சிலம்பரசன் வாயிலிருந்துதான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி வேன், முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் காலை ஆறே முக்காலுக்கு நின்றுகொண்டிருந்தது. லினெட் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிலம்பரசன் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“ஹேமலதா இன்னும் வரலியா? அவளை வுட்டுட்டு வண்டிய எடுத்தா நீங்கள்லாம் என்னைத் தின்னுடுவீங்க. நேத்து கருங்கோன் அந்தச் சேனாதிபதி கழுத்துல கத்தி வச்சானே, அறுத்தானா இல்லியா?”

கருங்கோன் கதையை எழுதுகிறவளே லினெட்தான்.

போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றில் இரண்டு வருஷமாக ‘நீலாம்பல்’ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா ரோசா மாதா கோயிலில் மரியாயின் சேனை என்ற செபக்குழுவில் இருப்பவள், செபமாலை தவறாதவள். கடலுக்கடியில் கறுப்புக் கல்லில் கோட்டை கட்டி வாழ்கிற ஓர் அசுரன் செவ்வந்தி என்ற கரையூர்ப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருப்பதையும், அவள் அவனை வெறுத்து வெறுத்தே ஆசைப்படுவதையும் மகள் எழுதுகிறாள் என்று தெரிந்தால் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவாள்.

ஓடி வந்து ஏறினாள் ஒருத்தி. ஈரத்தலை, கையில் சோற்று டப்பா. உட்காருவதற்கு முன்பே போனை எடுத்துவிட்டாள். அவள்தான் ஹேமலதா. வேன் கிளம்பி ராஜீவ் சிக்னலைத் தாண்டியதும் வாசிக்க ஆரம்பித்தாள். பதினான்கு பெண்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக்குச் செய்தி வாசிக்க டீச்சர்கள் அவளைத்தான் நிறுத்துவார்களாம். கருங்கோன் பேசும்போது அவள் குரல் கீழே இறங்கும், செவ்வந்தி பேசும்போது நடுங்கும். தான் எழுதியது இவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று லினெட்டுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்தான் எழுதுகிறேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பிறகு சொல்வோம், பிறகு சொல்வோம் என்று நாள் போயிற்று.

ஹேமலதா சோலைநகர் மாரியப்பனின் மூத்த மகள். மாரியப்பன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர் பெண்சாதி அங்கம்மாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள். அங்கம்மாளின் தங்கை அஞ்சலாட்சியைக் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் கொடுத்திருந்தது. அங்கம்மாள் மஞ்சள்காமாலையில் போனபோது ஹேமலதாவுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அப்பாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் சோறாக்கிப் போட்டாள். அத்தை மகன் அஜித்துக்குக் கட்டுவதாகப் பேச்சு, ஆனால் பேச்சு மட்டும்தான். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. யாரும் அவளைக் கொடுமை செய்யவில்லை. குடத்தைப் போல, அடுப்பைப் போல அவளும் வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான்.

லினெட்டிடம் அவளே சொன்னாள். இருவரும் ஒரே மேசையில் மாத்திரை அட்டைகளை டப்பாவில் அடுக்குகிற வேலை.

“போன மாசம் வேன் ரிப்பேராயி கோரிமேட்டுலயே நின்னுட்டோமில்ல, ரெண்டு மணி நேரம் லேட்டு. எல்லாருக்கும் வீட்லேர்ந்து போன் வந்துச்சு. எனக்கு வர்ல. போய்ப் பாத்தா அப்பா, ‘வந்துட்டியா, கொழம்பை சுட வையி’ன்னாரு. கருங்கோனா இருந்தா கடலையே பொரட்டிப் போட்டுருப்பான்.”

“அவன் கெட்டவன்க்கா. எத்தனை பேரைக் கொன்னுருக்கான்.”

“கொன்னா இன்னா? அவளைத் தேடுறானில்ல?”

பக்கத்து மேசைச் சின்னப்பாப்பா, ஐம்பது வயதுக்காரி, டப்பா மடித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க வீட்டுக்காரரு என்னைத் தூக்கிட்டுப் போவ வேணாம்டி. முடியவும் முடியாது. பீச் ரோட்டுக்கு ஒருதபா கூட்டிட்டுப் போனா போதும்.”

மேசை முழுக்கச் சிரித்தது. லினெட்டும் சிரித்தாள். ஆனால் ஹேமலதா சொன்னது அவளுக்குள் தைத்தது, ஏனென்றால் கருங்கோன் பிறந்த கதையும் அதேதான்.

லினெட்டின் அப்பா ஜோசப் ஆனந்த் சாதுவான மனிதர். அவருடைய தாய்மாமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சைகோன் வரைக்கும் போய்வந்தவர் என்று சொல்வார்கள், அந்த ரத்தத்தில் ஒரு துளிகூட இவருக்கு இல்லை. அவருடைய அண்ணன் பிரகாசம் ஒருநாள் பொதுச்சுவர்த் தகராறில் வாசலுக்கு வந்து, தெருவே பார்க்க ரோசாவை ஒரு சொல் சொல்லிவிட்டார். சொல்லக்கூடாத சொல். ஜோசப் ஆனந்த் கையைக் கட்டிக்கொண்டு, “விடு ரோசா, அண்ணன்தானே” என்றார். ரோசா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கதவு மூலையில் நின்று பார்த்த லினெட்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ‘விடு’ என்று சொல்லாத ஓர் ஆளை அன்றைக்கே மனதில் உண்டாக்கிவிட்டாள். அவன் ஊருக்குப் பொல்லாதவன், அவளுக்கு மட்டும் நல்லவன். செவ்வந்தியை எவனாவது அழவைத்தால் மறுநாள் காலை அவன் வாசலில் ஒரு கருஞ்சங்கு கிடக்கும், அதற்குப்பின் அவனைக் காணமாட்டார்கள். அந்தக் கோபம் ஒருநாளும் செவ்வந்தி பக்கம் திரும்பாமல் லினெட் பார்த்துக்கொண்டாள். எழுதுகிறவள் கையில் கடிவாளம் இருந்தது.

வேனில் பதினைந்தாவதாக ஒரு காது இருப்பதை மட்டும் யாரும் நினைக்கவில்லை. சிலம்பரசன் அரியாங்குப்பத்துக்காரன், முப்பது வயது. தினமும் போக முக்கால் மணி, வர முக்கால் மணி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு பாகம் விடாமல் கேட்டான். எந்த இடத்தில் பெண்கள் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை இழுக்கிறார்கள், எந்த இடத்தில் “ஐயோ, கொல்றான்டி” என்கிறார்கள், எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டான்.

ஒருநாள் சூப்பர்வைசர் கோவிந்தசாமி, காலி அட்டை ஒன்று டப்பாவுக்குள் போய்விட்டதற்காக ஹேமலதாவை எல்லார் முன்னாலும் திட்டினார். அவள் வேனில் வரும்போது அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் சாயங்காலம் கோவிந்தசாமியின் பைக் இரண்டு டயரும் கிழிந்து கிடந்தது. சீட்டின் மேல் ஒரு சங்கு, பீச் ரோட்டில் விற்கிற சின்னச் சங்கு, கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தது.

வேனில் ஒரே கூச்சல்.

“கருங்கோன் வந்துட்டான்டி!”

“ஹேமலதாவைத் தேடி வந்துட்டான்!”

சிலம்பரசன் கண்ணாடியில் ஹேமலதாவை மட்டும் பார்த்தான். அவள் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். லினெட்டுக்குப் பயமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பயத்துக்கு முன்னால் ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. தான் எழுதியது எழுந்து நடக்கிறதே என்று. அந்த ஒரு கணத்தை அவள் பிற்பாடு மறக்கவே இல்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சிலம்பரசனிடமிருந்து காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன், “சாப்டியா”, “எங்க இருக்க”, “பக்கத்துல யாரு”. ஹேமலதா ஒவ்வொன்றுக்கும் நெய் ஊற்றின விளக்கு மாதிரி மினுமினுத்தாள். பிறகு அவள் போனிலிருந்து அஜித்தின் நம்பரை அவனே அழித்தான். தம்பியின் நண்பனோடு பேசியதற்கு ஒரு நாள் முழுக்க முகம் கொடுக்காமல் வண்டி ஓட்டினான். ஒரு சாயங்காலம் மணிக்கூண்டில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்த லினெட் அவன் ஹேமலதாவிடம் பேசுவதைக் கேட்டாள்.

“ஊருக்கு நான் விஷம். உனக்கு மட்டும் நான் நெழலு.”

அது நாற்பத்திரண்டாம் பாகம். மாதா கோயில் பூசையில் பிரசங்கத்தின்போது அவள் மனதுக்குள் கோத்த வரி. குடையை எடுக்காமலே திரும்பிவிட்டாள்.

மறுநாள் ஹேமலதா கிசுகிசுத்தாள். “யாருகிட்டயும் சொல்லிடாதடி லினெட்டு. வைகாசி கடைசி முகூர்த்தம், வெள்ளிக்கெழமை. மயிலம் கோயில்ல தாலி. அப்பாவுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னுட்டாரு.”

“அவரு உங்களை ரொம்பக் கட்டுப்படுத்துறாரேக்கா.”

“எனக்கு வேணுன்டி. கட்டுப்படுத்தக்கூட ஆள் இல்லாம இருந்து பாரு, தெரியும்.”

வெள்ளிக்கிழமைக்குப் பதினாறு நாள் இருந்தது. நேருக்கு நேர் சொல்ல லினெட்டுக்குத் தைரியம் இல்லை. அவளிடம் இருந்தது கதை ஒன்றுதான். கதையாலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அறுபத்தோராம் பாகத்தில் கடிவாளத்தை விட்டாள். செவ்வந்தி ஒரு படகோட்டியிடம் ஊர்ச் செய்தி கேட்கிறாள், கருங்கோன் பார்த்துவிடுகிறான். மணிக்கட்டைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்துப்போய்க் கன்னத்தில் அறைகிறான். இதைப் படித்தால் ஹேமலதாவுக்குக் கண் திறக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஆனால் முடிக்கிற இடத்தில் கை தயங்கியது. பன்னிரண்டு வயதிலிருந்து கூடவே வந்தவன். அவனை வெறும் மிருகமாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: அடித்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றவனின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் கறுப்புக் கல்லில் விழுந்தது.

அந்தக் காலை ஹேமலதா அதை வேனில் வாசித்து முடித்தாள். லினெட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

சின்னப்பாப்பாதான் முதலில் பேசினாள். “பாவம்டி அவன். எம்மா ஆசை இருந்தா அழுவான்!”

“அவ எதுக்கு அந்தப் படகுக்காரன்கிட்டப் போயி நின்னா?” என்றாள் இன்னொருத்தி.

“அடிச்சிட்டான்க்கா” என்றாள் லினெட். “அவளை அடிச்சிட்டான்.”

“உனக்குக் கல்யாணம் ஆவல, தெரியாது” என்றாள் சின்னப்பாப்பா. “அடிச்சிட்டு வெளிய போயி டீ குடிக்கிறவன்தான் எல்லாரும். இவன் அழுவுறான் பாரு.”

முன்னாலிருந்து சிலம்பரசன் சொன்னான், திரும்பாமலே: “தப்பு அவ மேலதான்.”

ஆப்பில் அன்றைக்கு மட்டும் எண்ணூறு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அந்தக் கண்ணீருக்காக அழுதிருந்தார்கள்.

நான்காம் நாள் ஹேமலதா முகத்துக்குத் துப்பட்டா சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். மேசையில் உட்கார்ந்தபோது துப்பட்டா விலகியது. இடது கன்னத்தில் நான்கு விரல்.

“அஜித்து வீட்டுக்கு வந்திருந்தான், எங்க அப்பாவுக்கு மாத்திரை குடுக்க. அதை நான் இவருகிட்டச் சொல்லல, மறைச்சிட்டேன்” என்றாள். குரலை இறக்கினாள். “ஆனா அழுதுட்டாருடி. அடிச்சப்புறம் கையைப் பாத்துக்கிட்டே நின்னாரு, கண்ணுல தண்ணி வந்துச்சு.”

லினெட் கையிலிருந்த அட்டைகள் சரிந்து விழுந்தன. சாப்பாட்டு மணி அடித்ததும் ஹேமலதாவைக் கைகழுவுகிற குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, நீலாம்பல் நான்தான். கருங்கோனை எழுதுறது நான்தான். அந்த ஆளு பேசுற பேச்சு, வச்ச சங்கு, அடிச்சது, அழுதது, எல்லாம் நான் எழுதுனது. நீங்க வாசிக்கிறதை வேன்ல கேட்டுட்டு உங்ககிட்ட ஒப்பிக்கிறான். அது அவன் இல்லக்கா.”

ஹேமலதா போனை வாங்கி, எழுதி இன்னும் போடாமல் வைத்திருந்த பாகங்களைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று லினெட் நின்றிருந்தாள்.

“நீயாடி! இத்தினி நாளா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, நான் வாசிக்கிறதைக் கேட்டுக்கினு…” என்று தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு சொன்னாள்: “அவரு கதைலேர்ந்து பேசுறாருன்னு எனக்குத் தெரியாதா? வாசிக்கிறவ நானு. எனக்குத் தெரியாத வரியா? மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சா?”

“எனக்காவ ஒருத்தன் மனப்பாடம் பண்றான்டி. பத்தாவதுகூடப் பாஸ் பண்ணாதவன். வண்டி ஓட்டிக்கினே மனப்பாடம் பண்ணி வந்து சொல்றான். யாரு எனக்காவ எதைப் பண்ணாங்க இதுவரைக்கும்?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஹேமலதா கன்னத்தைத் தண்ணீரால் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ தோன்றி நிமிர்ந்தாள்.

“நீதானே எழுதுற? அப்ப அவனைத் திருத்து.”

“யாரை?”

“கருங்கோனை. அடுத்த பாகத்துல மன்னிப்புக் கேக்க வையி. கையை ஓங்க மாட்டேன்னு சத்தியம் பண்ண வையி. செவ்வந்தி யாருகிட்ட வேணா பேசட்டும்னு சொல்ல வையி. நான் வாசிக்கிறேன். அவரு கேப்பாரு. கேட்டா செய்வாரு. இதுவரைக்கும் எல்லாத்தையும் செஞ்சாரில்ல? வெள்ளிக்கெழமைக்குள்ள எழுது.”

கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் குழாயடியில் அது ஒன்றுதான் வழி போலத் தெரிந்தது. லினெட் லீவு போட்டு, தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுதினாள். கருங்கோன் வாளைக் கழற்றிக் கடலில் போடுகிறான். செவ்வந்தியின் முன்னால் உட்கார்ந்து, அறுபத்து மூன்று பாகத்தில் ஒருதடவைகூடக் கேட்காததைக் கேட்கிறான்: “உனக்கு என்ன வேண்டும்?” அவள் பேசுகிறாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்கிறான். இப்படி ஓர் ஆளையல்லவா முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று லினெட் நினைத்தாள்.

புதன்கிழமை காலை வேன் கிளம்பியது. ஹேமலதா அன்றைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கன்னத்தில் பவுடர். என்றைக்கும் இல்லாத நிதானத்தோடு, ஒவ்வொரு சொல்லாக, முன் சீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தாள். கருங்கோன் வாளைக் கழற்றினான். யாரோ கொட்டாவி விட்டார்கள். கருங்கோன் உட்கார்ந்தான். கோரிமேடு ஏற்றத்தில் சிலம்பரசன் கையை நீட்டிப் பாட்டைப் போட்டான்.

“அண்ணே, கதை ஓடுது” என்றாள் லினெட்.

“என்னா கதை, போரடிக்குது. அழுமூஞ்சி ஆயிட்டான். பொம்பளை கால்ல உக்காந்துக்கினு அவன் என்னா கருங்கோன்?”

“ஆமாப்பா, சப்புனு பூட்சி” என்றாள் சின்னப்பாப்பா. வேனில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள்.

ஹேமலதா மட்டும் வாசிப்பதை நிறுத்தவில்லை. குரலை உயர்த்தினாள். “‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கருங்கோன் கேட்டான்…”

பாட்டுச் சத்தம் கூடியது.

“கொஞ்சம் கொறைங்களேன்” என்றாள் அவள். “இன்னும் ரெண்டு பக்கம்தான் இருக்குது. நீங்க கேக்கணும்.”

சிலம்பரசன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். சிரித்துக்கொண்டேதான் பார்த்தான். பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு திருகு திருகினான்.

ஹேமலதா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். தொழிற்பேட்டை வரும்வரைக்கும் வெளியே பார்த்தபடி வந்தாள். கம்பெனி வாசலில் இறங்கும்போது லினெட்டிடம் ஒரே வார்த்தை சொன்னாள்: “அவனுக்குப் புடிச்சதை மட்டுந்தான்டி எடுத்துக்கிட்டான்.” அறை வாங்கியபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் மயிலம் போகவில்லை. சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி வைத்திருந்த பையை அவிழ்த்துப் புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். போனை அணைத்துவிட்டு வீட்டில் எல்லாருக்கும் நண்டுக் குழம்பு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மாரியப்பன் கரைக்குப் போனபோது வலை முழுக்கக் கிழிந்து கிடந்தது. ஒரு கிழிசல் இரண்டு கிழிசல் இல்லை, முழம் முழமாக அறுத்திருந்தது. குவியலின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்த சங்கு. அவருக்கு அது என்னவென்று புரியவில்லை, மீன் நாற்றத்தோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, “இது இன்னா பிள்ளை?” என்று மகளிடம் காட்டினார். அன்றைக்குத்தான் ஹேமலதா எல்லாவற்றையும் சொன்னாள். தம்பிகள் இருவரும் கட்டையை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்துக்குக் கிளம்பினார்கள். அஜித்தும் கூடப் போவதற்கு வந்துவிட்டான். ஹேமலதா வாசலில் குறுக்கே படுத்து மறித்தாள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வேன் கான்ட்ராக்டர் சிலம்பரசனை நிறுத்தினார். ஆனால் மணிக்கூண்டுப் பக்கம் அவன் பைக் நிற்பது மட்டும் நிற்கவில்லை. தம்பிகளுக்குக் கை துறுதுறுத்தது. கொலை விழுந்துவிடும் என்று பயந்து அஞ்சலாட்சியே தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து, “எங்கக்கா பொண்ணு, நான் வச்சிக்கறேன்” என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு லினெட் போயிருந்தாள்.

“கதைய முடிச்சிட்டியா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் ஹேமலதா.

“இல்லக்கா. எழுத வர்ல.”

“அந்த அழுவுற எடத்தை எடுத்துடு.”

“சரிக்கா.”

“அதுக்குத்தான்டி நான் ஏமாந்தேன். மத்ததுக்கு இல்ல.”

லினெட் வீட்டுக்கு வந்து அறுபத்தோராம் பாகத்தைத் திறந்து அந்த வரியை அழித்தாள். இரண்டு நாளில் முந்நூறு பேர் திரும்பப் போடச் சொல்லி எழுதினார்கள். ஒருத்தி அந்த வரியை முன்பே படம் பிடித்து வைத்திருந்தாள், பூ வைத்து அலங்கரித்து எல்லாருக்கும் அனுப்பினாள். அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. லினெட் அதே வேனில்தான் போகிறாள். இப்போது ஓட்டுகிறவர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். சின்னப்பாப்பா வேறொரு கதை கண்டுபிடித்திருக்கிறாள், அதில் ஒரு நாகராஜன் வருகிறான், அவனும் பொல்லாதவன்தான். வாசிக்கத் தெரிந்த குரல் இல்லாததால் ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் போனில் படித்துக்கொள்கிறார்கள்.

ஹேமலதா தேவனாம்பட்டினத்தில் சின்னம்மா அஞ்சலாட்சியின் வீட்டில் இருக்கிறாள். கடலூர் முதுநகரில் ஒரு கருவாட்டுக் கம்பெனிக்குத் தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருகிறாள்.